மீனுக்கு எதற்கு இடுப்புத் துடுப்பு?

ஒரு கெண்டை மீனைப் படமாக வரையச் சொன்னால் நீங்கள் எப்படி வரைவீர்கள்? படகு போன்ற உடல், ஒரு கண், இரண்டாகப் பிளந்த வால், முதுகில் ஒரு துடுப்பு, செவுளுக்குப் பின்னால் இன்னொரு துடுப்பு. பெரும்பாலோர் இத்துடன் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். வயிற்றின் அடியில் ஒரு ஜோடிச் சிறு துடுப்புகள் இருப்பது நினைவுக்கே வராது. உங்களைக் குறை சொல்வதற்கில்லை. மீன்களை ஆராய்ந்தவர்களே கூட அந்த ஜோடியை நெடுங்காலம் சரியாகக் கவனிக்கவில்லை.

"இடுப்புத் துடுப்புகள் மீனின் சமநிலைக்கு உதவுகின்றன." இதுதான் வழக்கமாகப் பாடப் புத்தகங்களில் காணப்படும் வரி. தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். வரி தவறானது அல்ல. ஆனால், எப்படி உதவுகின்றன? படகின் அடிக்கட்டை போல அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தாலே போதுமா? அல்லது மீன் அவற்றை இயக்கியாக வேண்டுமா? கேட்பதற்கு எளிய கேள்வி. என்றாலும், நீந்தும் மீனின் இடுப்புத் துடுப்பை ஆரை ஆரையாகப் படம் பிடித்து இதற்கு விடை கண்டது 2008-ஆம் ஆண்டில்தான்!

முதலில் மீனின் துடுப்புகளை அறிமுகம் செய்துகொள்வோம். முதுகுத் துடுப்பு, வால் துடுப்பு, வாலுக்கு முன்னால் அடிப்புறத்தில் உள்ள மலப்புழைத் துடுப்பு ஆகிய மூன்றும் உடலின் நடுக்கோட்டில் அமைந்தவை. இவை ஒற்றைத் துடுப்புகள். மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று ஜோடியாக இருப்பவை. மார்புத் துடுப்புகள் நம் கைகளுக்கு ஒப்பானவை. இடுப்புத் துடுப்புகள் நம் கால்களுக்கு ஒப்பானவை. இது வெறும் உவமை அன்று. பரிணாம வழியில் பார்த்தால் தவளையின் பின்னங்கால், குதிரையின் பின்னங்கால், நீங்கள் சைக்கிள் மிதிக்கும் கால் எல்லாமே பழங்கால மீன்களின் இடுப்புத் துடுப்பிலிருந்து வந்தவைதாம்.

நிமிர்ந்து நிற்பதே ஒரு வேலை

தண்ணீரில் மிதக்கும் மீனுக்குச் சமநிலை என்ன பெரிய பிரச்சினை என்று உங்களுக்குத் தோன்றலாம். செத்த மீனைக் குளத்தில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வயிறு மேலே தெரியும்படி மல்லாந்து மிதக்கும். செத்தபின் வயிற்றில் வாயு சேர்வது இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் மீனின் உடலமைப்பிலேயே இருக்கிறது. பல எலும்பு மீன்களின் உடலில் காற்றுப்பை சற்றுக் கீழ்ப்பகுதியிலும், கனமான முதுகுத் தசைகள் மேல்பகுதியிலும் உள்ளன. அதனால் மீனை மேலே தூக்கும் மிதப்பு விசையின் மையம் கீழேயும், அதன் எடையின் மையம் மேலேயும் அமைந்துவிடுகின்றன. மேலே பாரம் ஏற்றிய மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிது சாய்ந்தாலும் போதும், மேலும் மேலும் சாயவே பார்க்கும். ஆகவே உயிருள்ள மீன் ஒன்று அசையாமல் நிமிர்ந்து நிற்பதாக நமக்குத் தோன்றும்போது, அது சாய்ந்து சாய்ந்து தன்னை நிமிர்த்திக்கொண்டே இருக்கிறது என்பதே உண்மை.

சாய்வதிலும் மூன்று வகை உண்டு. கடலில் செல்லும் படகைப் பாருங்கள். அலை பக்கத்திலிருந்து மோதினால் படகு இடமும் வலமுமாக உருளும். எதிரிலிருந்து வந்தால் முன்பக்கம் எழும்பித் தாழும். சில நேரம் படகின் முகப்பே திசை மாறி இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பிவிடும். மீனுக்கும் இதே மூன்று தொல்லைகள். அதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. மீன் முன்னேறுவதே வாலை இடமும் வலமும் அடித்துத்தான். வால் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் உடல் ஆடுகிறது. அதாவது மீனின் எஞ்சினே அதன் சமநிலையைக் குலைக்கிறது!

இரண்டு மீன்கள், இரண்டு இடங்கள்

அடுத்த தடவை சந்தைக்குப் போகும்போது ஒரு ரோகுக் கெண்டையையும் ஒரு ஜிலேபி மீனையும் (திலேப்பியா என்று புத்தகங்களில் சொல்லப்படுவது) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோகுவின் இடுப்புத் துடுப்புகள் வயிற்றின் நடுவில், மார்புத் துடுப்புகளை விட்டு வெகு தூரம் பின்னால் இருக்கும். ஜிலேபியில் அப்படி இல்லை. அதன் இடுப்புத் துடுப்புகள் முன்னால் நகர்ந்து, மார்புத் துடுப்புகளுக்கு நேர் கீழே வந்துவிட்டிருக்கும். கால்கள் கழுத்துக்கு அடியில் முளைத்த மாதிரி! காட் என்னும் குளிர்கடல் மீனில் இவை இன்னும் முன்னேறி, மார்புத் துடுப்புகளுக்கும் முன்னால், தொண்டைப் பகுதியில் இருக்கின்றன.

ஜிலேபியின் துடுப்பை விரித்து ஆரைகளையும் எண்ணுங்கள். முன் ஓரத்தில் கூரிய முள் ஒன்று, அதை அடுத்து மென்மையான ஆரைகள் ஐந்து. கடல் மீன்களிலும் நன்னீர் மீன்களிலும் முள் துடுப்பு வகையைச் சேர்ந்த எத்தனையோ மீன்களில் இந்த 1, 5 என்ற கணக்கு மாறுவதில்லை. கெண்டை, டிரவுட் போன்ற பழைய வகை மீன்களில் முள் கிடையாது.

துடுப்பு இடம் மாறினால் அதன் வேலையும் மாறவேண்டும் அல்லவா? இங்கேதான் ஜே.ஈ. ஹாரிஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலார் வருகிறார். மீனின் துடுப்புகள் சமநிலைக்கு என்ன செய்கின்றன என்பதை அவர் 1930-களில் ஆராய்ந்தார். இடுப்புத் துடுப்புகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1938-இல் வெளிவந்தது. முறை எளிமையானது, சற்றுக் கொடுமையானதும்கூட. துடுப்பை வெட்டி எடுத்துவிட்டு மீன் என்ன செய்கிறது என்று பார்ப்பது. (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். இன்று இதைவிட நல்ல வழிகள் உள்ளன.) அமெரிக்க ஏரிகளில் வாழும் சன்பிஷ் என்னும் மீனும் நம் ஜிலேபியைப் போலவே முள் துடுப்பு வகைதான். அதன் இடுப்புத் துடுப்புகளும் மார்புக்குக் கீழேதான் இருக்கின்றன. அந்தத் துடுப்புகளை இழந்த மீன் வழக்கம்போல் நீந்தியது. ஆனால், நிற்க முயன்றபோது மேல்நோக்கி எழும்பிவிட்டது!

ஏன்? மீன் எப்படி நிற்கிறது என்று யோசியுங்கள். தரையில் ஓடும் சைக்கிளுக்குச் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் இருக்கிறது. தண்ணீரில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே மீன் தன் மார்புத் துடுப்புகள் இரண்டையும் பக்கவாட்டில் அகல விரித்து, தண்ணீருக்குக் குறுக்கே நிறுத்துகிறது. எதிர்வரும் நீர் அவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது, வேகம் குறைகிறது. ஆனால் துடுப்பு சற்றுச் சாய்ந்து நிற்பதால் நீரின் விசை பின்னோக்கி மட்டும் செயல்படாமல், ஒரு பங்கு மேல்நோக்கியும் செயல்படுகிறது. சாய்ந்து நிற்கும் பட்டத்தைக் காற்று உயரே தூக்குவது போலத்தான். இந்தத் தூக்கலைச் சமன் செய்ய, கீழே உள்ள இடுப்புத் துடுப்புகள் அதே நேரத்தில் எதிர்ச் சாய்வில் விரிகின்றன. அவற்றின்மேல் படும் விசை மீனைக் கீழே இழுக்கிறது. மேல் விசையும் கீழ் விசையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, மீன் இருந்த மட்டத்திலேயே நிற்கிறது. இடுப்புத் துடுப்புகளை எடுத்துவிட்டால் மேல் விசைக்கு எதிரி இல்லை, மீன் எழும்பிவிடுகிறது.

பவளப்பாறைகளின் சந்துகளிலும் நீர்த்தாவரங்களின் நடுவிலும் வாழும் மீன்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். இரையைக் கண்டதும் சட்டென்று நிற்க வேண்டும். நிற்கும் இடத்தில் அரை அங்குலம் மேலே எழும்பினாலும் வாய் இரைக்கு நேராக இராது.

டிரவுட் சொன்ன சேதி

அப்படியானால் கெண்டை, டிரவுட் போன்றவற்றில், வயிற்றின் நடுவில் பின்தங்கிவிட்ட துடுப்புகளின் கதை என்ன? அவை பெரும்பாலும் அசையாமல் நீட்டிக்கொண்டு, உருளாமல் தடுக்கும் வெறும் பலகைகள் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. இந்தக் கருத்தைச் சோதிக்க எடுத்துக்கொள்ளப்பட்ட மீன் வானவில் டிரவுட். பசிபிக் சமுத்திரத்தில் கலக்கும் குளிர்ந்த ஆறுகளுக்கு உரிய இந்த மீன் நமக்கும் முற்றிலும் அந்நியம் அன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் இதை நீலகிரியின் ஓடைகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். உதகைக்கு அருகே அவலாஞ்சியில் இதற்கென்றே குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது.

எமிலி ஸ்டான்டன் என்ற பெண் விஞ்ஞானி டிரவுட்டை ஓட்டத் தொட்டியில் நீந்தவிட்டார். இது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீர் சீரான வேகத்தில் பாயும் தொட்டி. மீன் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டே இருக்கும். ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும் காமிராக்களால் வெவ்வேறு கோணங்களிலிருந்து படம் பிடித்து, இடுப்புத் துடுப்பின் ஒவ்வோர் ஆரையும் இடவெளியில் எப்படி நகர்கிறது என்று கணக்கிட்டார். 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வு காட்டியது என்ன? நேராக, நிதானமாக நீந்தும்போதுகூட துடுப்புகள் சும்மா இல்லை. வலத் துடுப்பும் இடத் துடுப்பும் மாறி மாறி அசைந்தபடியே இருக்கின்றன!

நீங்கள் உடனே ஒரு சந்தேகம் கேட்கலாம். "காற்றில் கொடி அசைவதுபோல, நீரின் போக்கில் துடுப்பு தானாகவே அசையலாமே?" நல்ல சந்தேகம். படத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே 2010-இல் வெளியான அடுத்த ஆய்வில், துடுப்பை இயக்கும் தசைகளுக்குள் மெல்லிய கம்பிகளைச் செருகி, தசை சுருங்கும்போது எழும் மின் துடிப்புகளைப் பதிவு செய்தார். நம் இதயத் துடிப்பை மருத்துவர் மின்கருவியில் பதிவதைப் போன்றதுதான் இது. தசைகள் வேலை செய்வது தெரிந்தது. கூடவே, நீரில் நுண்ணிய துகள்களைக் கலந்து லேசர் ஒளியால் வெளிச்சம் போட்டு, துடுப்பு நீரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்றும் பார்த்தார். வால் அடிப்பதால் குலையும் உடலை, இடுப்புத் துடுப்புகள் சிறுசிறு உதைப்புகளால் அவ்வப்போது சரிசெய்கின்றன. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி கையிலுள்ள கோலை ஓயாமல் இப்படியும் அப்படியும் தாழ்த்தி உயர்த்துகிறார் அல்லவா? கோல் கையில் இருப்பதால் மட்டும் அவர் விழாமல் இல்லை. அதை அவர் ஆட்டுவதால்தான் விழாமல் இருக்கிறார். டிரவுட்டின் இடுப்புத் துடுப்பும் அப்படித்தான். மெதுவாக நீந்தும்போது இந்த வேலை முக்கியம். திரும்பும்போதும் இந்தத் துடுப்புகள் பங்கு கொள்கின்றன.

துடுப்பைத் தட்டையான பலகை என்று எண்ணிவிடாதீர்கள். அதன் ஒவ்வோர் ஆரையும் நெடுக்காகப் பிளந்த மூங்கில் போல இரண்டு பாதிகளால் ஆனது. இரு பாதிகளும் நுனியில் சேர்ந்திருக்கின்றன. அடியில் தனித்தனித் தசைகள் அவற்றை இழுக்கின்றன. ஒரு பாதியை மட்டும் இழுத்தால் ஆரை வளைகிறது. இதை நீங்களே செய்து பார்க்கலாம். பழைய அட்டையிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து நுனியை மட்டும் ஒட்டுங்கள். நடுவில் இரண்டு மூன்று இடங்களில் நூலால் தளர்வாகச் சுற்றுங்கள். இப்போது அடியில் ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றதை இழுத்தால் முழுப் பட்டையும் வில்லாக வளையும். பறவையால்கூடத் தன் இறகின் காம்பை இப்படி விரும்பியபடி வளைக்க முடியாது. ஒரு பக்கத்து இடுப்புத் துடுப்புக்கு மட்டும் தசைகள் ஆறு. விரிக்க, மடக்க, கீழே இறக்க, உடலோடு சேர்க்க என்று அவை வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

துடுப்பு சிறகானது, கிண்ணமானது, காலும் ஆனது

நீந்துவதைத் தவிர வேறு வேலைகளும் இந்த ஜோடிக்குக் கிடைத்திருக்கின்றன. சோழமண்டலக் கடற்கரையில் பிடிபடும் கோலா மீனைப் பாருங்கள். இதுதான் பறக்கும் மீன். மார்புத் துடுப்புகள் பெரிய முன் சிறகுகளாகவும், இடுப்புத் துடுப்புகள் சிறிய பின் சிறகுகளாகவும் விரிய, நான்கு சிறகுகளோடு அலைகளுக்கு மேலே சறுக்குகிறது. 2010-இல் தென் கொரிய விஞ்ஞானிகள் இருவர் பாடம் செய்த பறக்கும் மீன்களைக் காற்றுச் சுரங்கத்தில் பொருத்திச் சோதித்தார்கள். இடுப்புத் துடுப்புகளை விரித்து வைத்தபோது முன்பின் சாய்வில் மீன் அதிக உறுதியோடு இருந்தது. தண்ணீரில் செய்த சமநிலை வேலையையே காற்றிலும் செய்கிறது என்று சொல்லலாம்.

உளுவை மீன்களில் இரண்டு இடுப்புத் துடுப்புகளும் ஒன்றாக இணைந்து கிண்ணம் போல் ஆகியிருக்கின்றன. பாறையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஹவாய்த் தீவில் அகாகா என்ற அருவி சுமார் 135 மீட்டர் உயரம். விரல் நீளம்கூட இல்லாத உளுவைக் குஞ்சுகள் இந்தக் கிண்ணத்தால் பாறையைப் பற்றிப் பற்றி அருவியின் உச்சிக்கு ஏறிவிடுகின்றன! பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில் சேற்றில் துள்ளித் திரியும் மீன்களும் உளுவையின் உறவினர்களே.

இவற்றையெல்லாம்விட எனக்கு அதிக வியப்பைத் தருவது திருக்கையின் உறவான ஸ்கேட் என்னும் மீன்தான். அட்லாண்டிக் சமுத்திரத்தின் வட அமெரிக்கக் கரையோரம் வாழும் சிறிய ஸ்கேட், கடலடி மணலில் இடுப்புத் துடுப்புகளை ஊன்றி, வலம் இடம் வலம் இடம் என்று நடக்கிறது. அந்த நடையை இயக்கும் நரம்புகளையும் ஜீன்களையும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். நிலத்தில் நடக்கும் பாலூட்டிகளின் கால்களை இயக்கும் அதே வகை நரம்பு அமைப்பு அங்கே இருந்தது! ஸ்கேட்டின் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்தது ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது நிலத்தில் முதுகெலும்புள்ள பிராணி ஒன்றுகூடக் கிடையாது. ஆக, நடைக்கான நரம்பு அமைப்பு தரையில் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பே தண்ணீருக்குள் தயாராகிவிட்டது என்று தெரிகிறது. ஆப்பிரிக்க நுரையீரல் மீனும் நூல் போன்ற தன் மெல்லிய இடுப்புத் துடுப்புகளால் தொட்டியின் தரையில் நடப்பதை, சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2011-இல் படமெடுத்துக் காட்டினர்.

இடுப்புத் துடுப்பே இல்லாத மீன்களும் உண்டு. விலாங்குக்கு இல்லை, சாவாளைக்கு இல்லை, பேத்தை மீனுக்கும் கடல் குதிரைக்கும் இல்லை. விலை அதிகம் என்று நாம் தயங்கித் தயங்கி வாங்கும் வெள்ளை வவ்வாலுக்கும் இல்லை. கறுப்பு வவ்வாலில் ஒரு வேடிக்கை: குஞ்சாக இருக்கும்போது இடுப்புத் துடுப்புகள் இருக்கின்றன, வளர வளர மறைந்துவிடுகின்றன. இவையும் நன்றாகத்தான் நீந்துகின்றன. சமநிலைப் பொறுப்பை வேறு துடுப்புகளும் உடலின் வடிவமும் ஏற்றுக்கொண்டுவிட்டன.

உங்கள் பள்ளியிலோ நண்பர் வீட்டிலோ மீன் தொட்டி இருந்தால், அதன் அடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மீனின் வயிற்றுப்புறத்தைப் பாருங்கள். தொட்டியின் அடியில் மணல் இல்லாமல் இருக்கவேண்டும். தங்கமீன் கெண்டை வகை. அதன் இடுப்புத் துடுப்புகள் நடு வயிற்றில் இருக்கும். ஏஞ்சல் மீன் ஜிலேபியின் குடும்பம். அதற்கு முன்னால் இருக்கும். வால் அடிப்பதில் மயங்கிவிடாதீர்கள். மீன் மெதுவாக மிதந்து நிற்கும் நேரத்தையும், ஓடி வந்து சட்டென்று நிற்கும் கணத்தையும் கவனியுங்கள். மார்புத் துடுப்பு விரிகிற அதே நேரத்தில் கீழே என்ன நடக்கிறது? வலமும் இடமும் சேர்ந்து விரிகின்றனவா, மாறி மாறியா? பத்துத் தடவை பார்த்து ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மீன்களின் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஹாரிஸும் ஸ்டான்டனும் ஏன் வெவ்வேறு மீன்களை எடுத்துக்கொண்டார்கள் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.